உங்கள் உறக்கப் பரிசோதனை அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்?

(சமூக மன்றத்தில் நடந்த சுகாதாரப் பேச்சு ஒன்றின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் இல்லை, மொழிபெயர்ப்பாளர். நோயாளிகளுக்குத் தரப்படும் ஆங்கிலக் குறிப்புகளைத் தமிழில் எழுதுவது என் வேலை. அதனால் உங்களுக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்று நான் சொல்லப் போவதில்லை. உறக்கப் பரிசோதனை முடிந்ததும் உங்கள் கைக்கு இரண்டு மூன்று பக்க அறிக்கை ஒன்று வரும். அதை எப்படிப் படிப்பது, அதில் எவை இருந்தே ஆகவேண்டும், எல்லா இடங்களிலும் அது ஒரே முறையில் எழுதப்படுவது உங்களுக்கு ஏன் நல்லது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இது யாரோ சிலருக்கான விஷயம் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூன்று சமூகத்தினரையும் சேர்த்து நடத்திய ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. நடுத்தரம் அல்லது கடுமை என்று சொல்லும் அளவுக்கு உறக்க மூச்சுத்தடை உள்ளவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் என்று அது கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. குறட்டை விடுவதை நாம் நல்ல தூக்கத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறோம். வீட்டில் பக்கத்தில் படுப்பவர் சொன்னால்கூட, "வேலைக் களைப்பு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

அந்த இரவில் என்ன பதிவாகிறது

மருத்துவமனையில் ஓர் இரவு தங்கிச் செய்யும் பரிசோதனை என்றால் தலையிலும், கண்களின் ஓரத்திலும், தாடையிலும், கால்களிலும் சிறு கம்பிகளை ஒட்டுவார்கள். மூக்கின் கீழே மெல்லிய குழாய், மார்பிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பட்டை, விரல் நுனியில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவி, இதயத்துடிப்புக்குத் தனிக் கம்பி. வலி எதுவும் கிடையாது. புது இடத்தில் பலருக்குத் தூக்கம் குறைவாகத்தான் வரும். பரிசோதிப்பவர்களுக்கும் அது தெரியும், அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

வீட்டுக்கு எடுத்துச் சென்று செய்யும் பரிசோதனையில் கம்பிகள் குறைவு. பெரும்பாலும் மூக்குக் குழாய், பட்டை, விரல் கருவி அவ்வளவுதான். தலையில் கம்பி இருக்காது. அதாவது நீங்கள் தூங்கினீர்களா, விழித்தபடி படுத்திருந்தீர்களா என்று அந்தக் கருவிக்கு நேரடியாகத் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

ஒரே இரவு, மூன்று எண்கள்

அறிக்கையில் எல்லோரும் முதலில் தேடுவது ஏ.எச்.ஐ. என்ற எண்ணைத்தான். தூக்கத்தில் மூச்சு எத்தனை முறை நின்றது, எத்தனை முறை குறைந்தது என்று இரண்டையும் கூட்டி, தூங்கிய மணி நேரத்தால் வகுத்தால் வருவது அது. ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை தடைகள் என்று பொருள். பெரியவர்களுக்கு 5க்குக் கீழ் என்றால் இயல்பு. 5 முதல் 15க்குள் தொடக்க நிலை. 15 முதல் 30க்குள் நடுத்தர நிலை. 30ம் அதற்கு மேலும் கடுமையான நிலை. குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு மணிக்கு ஒரு தடை இருந்தாலே மருத்துவர் கவனிப்பார். ஆகவே உங்கள் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேரப்பிள்ளையின் அறிக்கையைப் படிக்காதீர்கள்.

எண் ஒன்றுதான், எல்லைகளும் தெளிவாக இருக்கின்றன, பிறகு என்ன குழப்பம் என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு பேருந்து ஓட்டுநர் இரவு பரிசோதனைக்குப் படுக்கிறார். 8 மணி நேரம் பதிவாகிறது. அதில் அவர் உண்மையில் தூங்கியது 6 மணி நேரம். மூச்சு முழுதாக நின்றது 30 முறை. மூச்சு குறைந்தது 60 முறை. கூட்டினால் 90. தூங்கிய 6 மணி நேரத்தால் வகுத்தால் 15. நடுத்தர நிலை.

இதே 90 தடைகளை, தூங்கிய நேரம் தெரியாததால், பதிவான 8 மணி நேரத்தால் வகுத்தால்? 11.25. தொடக்க நிலை ஆகிவிட்டது. வீட்டுப் பரிசோதனைகள் பலவற்றில் இப்படித்தான் வகுக்கிறார்கள். அது தவறு இல்லை. ஆனால் அந்த எண்ணுக்கு ஆர்.இ.ஐ. என்று தனிப் பெயர் இருக்கிறது. அதை ஏ.எச்.ஐ. என்ற பெயரில் எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது.

மூன்றாவது எண் இன்னும் நுட்பமானது. மூச்சு நின்றதா இல்லையா என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. மூச்சோட்டம் 90 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்து, குறைந்தது 10 விநாடி நீடித்தால் 'நின்றது' என்று கணக்கு. 'குறைந்தது' என்பதற்குத்தான் இரண்டு விதிகள் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டிலும் மூச்சோட்டம் குறைந்தது 30 விழுக்காடு இறங்க வேண்டும், 10 விநாடி நீடிக்க வேண்டும். அதோடு ஒரு விதிப்படி ரத்தத்தில் ஆக்ஸிஜன் 3 விழுக்காடு இறங்கினாலோ, மூளை கண நேரம் விழித்தாலோ அதைக் கணக்கில் சேர்க்கலாம். மற்ற விதிப்படி ஆக்ஸிஜன் 4 விழுக்காடு இறங்கினால்தான் சேரும். விழிப்பு மட்டும் போதாது. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் 4 விழுக்காட்டு விதியைப் பின்பற்றுகிறது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் கையேடு 2012 முதல் 3 விழுக்காட்டு விதியைப் பரிந்துரைக்கிறது.

நம் ஓட்டுநருக்கு வருவோம். மூச்சு குறைந்த 60 முறையில், ஆக்ஸிஜன் 4 விழுக்காடு இறங்கியது 24 முறை மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். 30ம் 24ம் 54. அதை 6ஆல் வகுத்தால் 9.

15, 11.25, 9. மனிதர் ஒருவர்தான், இரவும் ஒன்றுதான், மூச்சும் ஒன்றுதான்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2009இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 328 பேரின் பதிவுகளை எடுத்து, அப்போது புழக்கத்தில் இருந்த மூன்று வரையறைகளால் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். பழைய வரையறையில் கிடைத்த எண்ணுடன் ஒப்பிட்டால், ஒரு புதிய வரையறையில் ஏறத்தாழ 60 விழுக்காடும் இன்னொன்றில் ஏறத்தாழ 30 விழுக்காடும்தான் வந்தது. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழ்.

இதனால் உங்களுக்கு என்ன? அந்த ஓட்டுநர் ஓர் ஆண்டு கழித்து, உடல் எடையைக் குறைத்துவிட்டு, வேறோர் இடத்தில் மறுபடி பரிசோதித்துக்கொள்கிறார். முன்பு 15, இப்போது 9. குணமாகி வருகிறது என்று மகிழ்கிறார். உண்மையில் குறைந்திருக்கலாம். அல்லது எதுவும் மாறாமல் விதி மட்டும் மாறியிருக்கலாம். எந்த விதி என்று இரண்டு அறிக்கைகளிலும் எழுதவில்லை என்றால் அவருடைய மருத்துவராலும் சொல்ல முடியாது. அவர் இதை நம்பி, பயன்படுத்தி வந்த மூச்சு இயந்திரத்தை அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலை 5 மணிக்குப் பேருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் ஆபத்து அவருக்கு மட்டும் இல்லை.

அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் இது முக்கியம். மயக்க மருந்து தரும் மருத்துவர் உறக்க மூச்சுத்தடை எவ்வளவு கடுமையானது என்று பார்த்துத்தான், சிகிச்சை முடிந்த பிறகு உங்களை எவ்வளவு நேரம், எங்கே வைத்துக் கண்காணிப்பது என்று முடிவு செய்வார். அந்த நேரத்தில் அவர் கையில் இருப்பது பல ஆண்டுகளுக்கு முந்திய, எங்கோ எடுத்த ஓர் அறிக்கையாக இருக்கலாம்.

காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்

அறிக்கையை ஒரே முறையில் எழுதுவது என்றால் எல்லோருக்கும் ஒரே முடிவு வர வேண்டும் என்பது இல்லை. அந்த முடிவு எப்படி வந்தது என்பதைக் காகிதத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள முடிய வேண்டும், அவ்வளவுதான். மேலே சொன்ன கையேடும், எந்த விதியைப் பின்பற்றினோம் என்பதை அறிக்கையில் குறிப்பிடச் சொல்கிறது. என் கருத்தில் அறிக்கையின் மிக முக்கியமான வரி அதுதான். அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.

பரிசோதனை மருத்துவமனையில் நடந்ததா, வீட்டிலா. விளக்கை அணைத்த நேரம், போட்ட நேரம். மொத்தம் பதிவான நேரம், அதில் தூங்கிய நேரம். இவை இருந்தால் வகுத்தல் கணக்கை யாரும் சரிபார்க்கலாம். பிறகு தடைகளின் வகை. தொண்டை அடைத்துக்கொண்டு, மார்பும் வயிறும் மூச்சை இழுக்கப் போராடுவது ஒரு வகை. மூச்சு விடச் சொல்லும் சமிக்ஞை மூளையிலிருந்தே வராமல், பட்டைகள் அசையாமல் இருப்பது வேறு வகை. சிகிச்சையும் வேறுபடலாம் என்பதால் இரண்டையும் தனித்தனியாக எண்ணி எழுத வேண்டும்.

படுத்திருந்த நிலையும் வேண்டும். சிலருக்கு மல்லாந்து படுக்கும்போது தடைகள் மிக அதிகமாகவும், ஒருக்களித்துப் படுக்கும்போது மிகக் குறைவாகவும் இருக்கும். மொத்தச் சராசரி இரண்டையும் கலந்து ஒரு நடு எண்ணைக் காட்டும். பரிசோதனை இரவில் அவர் முழு நேரமும் ஒருக்களித்தே படுத்திருந்தால், எண் அழகாக இருக்கும். வீட்டில் மல்லாந்து படுப்பவராக இருந்தால் அந்த அழகான எண்ணால் என்ன பயன்?

ஆக்ஸிஜன் எண்கள் கண்டிப்பாக வேண்டும். ஏ.எச்.ஐ. கணக்கில் 10 விநாடி நின்ற மூச்சும் ஒன்றுதான், 60 விநாடி நின்ற மூச்சும் ஒன்றுதான். எவ்வளவு ஆழமாகப் பாதித்தது என்று அது சொல்லாது. ஆக்ஸிஜன் எவ்வளவு கீழே இறங்கியது, 90 விழுக்காட்டுக்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தது என்ற இரண்டு வரிகள்தான் அதைச் சொல்லும். ஒரே ஏ.எச்.ஐ. உள்ள இரண்டு பேரின் ஆக்ஸிஜன் வரிகள் முற்றிலும் வேறாக இருக்கலாம். இதயத்துடிப்பு, கால் அசைவு பற்றிய வரிகளும் இருக்கும். யார் பதிவைப் பார்த்துக் கணக்கிட்டார், எந்த மருத்துவர் கையெழுத்திட்டார் என்பதும் இருக்க வேண்டும்.

பழைய அறிக்கை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1968இல் ரெக்ட்ஷாஃபன், கேல்ஸ் என்ற இருவர் தொகுத்த கையேடு, கனவு உறக்கம் தவிர்த்த தூக்கத்தை நான்கு நிலைகளாகப் பிரித்தது. 2007இல் வந்த புதிய கையேடு மூன்றாம் நிலையையும் நான்காம் நிலையையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டது. ஆகவே பழைய காகிதத்தில் நான்காம் நிலை இருந்து, புதியதில் இல்லை என்றால் உங்கள் ஆழ்ந்த உறக்கம் காணாமல் போய்விட்டது என்று பொருள் இல்லை. பெயர்தான் போனது. பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் மாறவே இல்லை. அது காகிதச் சுருள் காலத்திலிருந்து வருகிறது. விநாடிக்கு 10 மில்லிமீட்டர் ஓடும் காகிதத்தில் 30 சென்டிமீட்டர் பக்கம் ஒன்று நிரம்ப 30 விநாடி ஆகும். கணினி வந்து இத்தனை காலம் ஆன பிறகும் நம் தூக்கத்தை அந்தப் பக்க அளவில்தான் வெட்டுகிறார்கள்.

கணக்கிடுவது பயிற்சி பெற்ற மனிதர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே பதிவைப் பலர் பார்த்தபோது, உறக்க நிலைகளில் அவர்களுக்குள் இருந்த ஒற்றுமை 82.6 விழுக்காடு என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. எழுதும் முறையை ஒன்றாக்குவது இந்த வேறுபாட்டை அழித்துவிடாது. ஆனால் 14 என்று வந்த ஒருவரும் 16 என்று வந்த ஒருவரும் வேறு வேறு உலகத்தில் இல்லை என்று புரிந்துகொள்ள இது உதவும்.

சொற்களும் ஒன்றாக இருக்க வேண்டும்

இப்போது என் வேலைக்கு வருகிறேன். எண்களை ஒரே முறையில் எழுதிவிட்டு, அவற்றை விளக்கும் தமிழ்ச் சொற்கள் துண்டுப்பிரசுரத்துக்குத் துண்டுப்பிரசுரம் மாறினால் நோயாளிக்குப் பழைய குழப்பமேதான்.

நடுத்தர நிலையைப் பல இடங்களில் 'மிதமான' என்று எழுதுகிறார்கள். அகராதிப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் நம் காதில் 'மிதமான' என்பது நல்ல சொல். மிதமான உணவு, மிதமான வெயில், மிதமான உடற்பயிற்சி என்று மருத்துவர்களே அறிவுரை சொல்கிறார்கள். அப்படி எழுதியிருந்த ஒரு விளக்கக் குறிப்பைப் படித்த மூதாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார்: "மிதமாத்தான் இருக்குன்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கும்மா மெஷினு?" அவர் கேட்டது நியாயம். அந்தச் சொல் அவரிடம் 'பரவாயில்லை' என்றுதான் சொன்னது. அதனால்தான் நான் இன்று 'நடுத்தர நிலை' என்று சொல்கிறேன். 'லேசான' என்பதையும் தவிர்த்து, 'தொடக்க நிலை' என்கிறேன்.

'உறக்க ஆய்வு' என்பதும் அப்படித்தான். ஆய்வு என்றதும், தம்மை வைத்து ஆராய்ச்சி செய்யப் போகிறார்கள் என்று பயந்து தேதியை ரத்து செய்தவர்கள் உண்டு. பரிசோதனை என்றால் யாரும் பயப்படுவதில்லை. 'மூச்சுத்திணறல்' என்று எழுதினால் ஆஸ்துமா என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிலர் இழுப்பு மருந்துக் குப்பியைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அதனால் 'மூச்சுத்தடை'. ஆங்கிலத்தில் தடைகளை 'நிகழ்வுகள்' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பார்கள். "உங்களுக்கு இரவில் 90 நிகழ்வுகள்" என்று தமிழில் எழுதினால், கலைவிழா நடந்ததுபோல் இருக்கும். 'உறக்கத் திறன்' என்று இன்னொன்று. படுக்கையில் இருந்த நேரத்தில் எத்தனை விழுக்காடு தூங்கினீர்கள் என்பதுதான் அதன் பொருள். திறன் என்று எழுதினால், குறைந்த எண் வந்தவர் தாம் ஏதோ சரியாகச் செய்யவில்லை என்று வருந்துகிறார். நீளமாக இருந்தாலும் அதை விரித்து எழுதுவதே நல்லது.

வீட்டில் பெற்றோருக்காக அறிக்கையைப் படித்துச் சொல்லும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்க்க வேண்டும் என்பதில்லை. அப்பாவுக்குத் தெரிய வேண்டியது நான்கைந்து விஷயங்கள்தான். அவற்றுக்கு நீங்களும் மருத்துவரும் தாதியும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள்.

இயந்திரம் காட்டும் எண்

சிபாப் என்ற மூச்சு இயந்திரம் பயன்படுத்துபவர்கள் பலர், காலையில் அதன் திரையிலோ கைப்பேசியிலோ ஏ.எச்.ஐ. என்று ஓர் எண்ணைப் பார்க்கிறீர்கள். 2, 3 என்று இருக்கும். அதைப் பரிசோதனை அறிக்கையில் உள்ள எண்ணோடு நேருக்கு நேர் ஒப்பிட வேண்டாம். இயந்திரம் மூச்சோட்டத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுகிறது. நீங்கள் அதைப் போட்டிருந்த நேரத்தால் வகுக்கிறது. தூங்கினீர்களா என்று அதற்குத் தெரியாது. இரவு 2 மணிக்கு முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டால், அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அந்த எண்ணில் இல்லை. சிகிச்சை எப்படிப் போகிறது என்று மருத்துவர் பார்ப்பதற்கு அது பயன்படும். ஆனால் எண் குறைந்திருக்கிறது என்பதற்காக நீங்களாக இயந்திரத்தை நிறுத்திவிடாதீர்கள். எண் குறைந்ததற்குக் காரணமே அந்த இயந்திரமாக இருக்கலாம்.

அடுத்த முறை நிபுணரைப் பார்க்கப் போகும்போது பழைய அறிக்கையின் முழுப் படியையும் எடுத்துச் செல்லுங்கள். சுருக்கம் மட்டும் போதாது. உங்களிடம் இல்லை என்றால் பரிசோதனை நடந்த இடத்தில் கேட்கலாம். கட்டணம் இருந்தால் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவரிடம், "இந்த எண் தூங்கிய நேரத்தை வைத்தா, பதிவான நேரத்தை வைத்தா? 3 விழுக்காட்டு விதியா, 4 விழுக்காட்டு விதியா?" என்று கேளுங்கள். தயங்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால், இந்தப் பக்கத்தையே எடுத்துப் போய், அந்த இரண்டு கேள்விகளையும் தமிழ் தெரிந்த தாதியிடமோ மகளிடமோ காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். பதிலை அறிக்கையின் மேலேயே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.